ஜனாதிபதி வாசிக்காத பந்தி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி பழுதாகி நின்றுவிடும். அந்த நாட்களில் படியில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் மறித்துக் கதைப்பது வழமை. போன மாதம் அப்படி என்னை மறித்தவர் மூன்றாம் மாடிப் பஞ்சலிங்கம். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் பேப்பர் இல்லாமல் வெளியே வரமாட்டார்.

"மிஸ் பிலோமினா, பாத்தீங்களே? இந்த முறை நாடாளுமன்றத் திறப்புக்குக் குதிரையும் இல்லை, மரியாதை வேட்டும் இல்லை. ஜனாதிபதி சும்மா காரில வந்து இறங்கி, உரையை வாசிச்சிட்டுப் போட்டார். இது அரசியலமைப்புக்கு விரோதமில்லையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குதிரையைப் பற்றி அரசியலமைப்பில எந்தப் பக்கத்தில இருக்கு? காட்டுங்கோ பாப்பம்."

"அப்ப என்னதான் இருக்கு?"

"ஒரே ஒரு வரி. கூட்டத்தொடர் தொடங்கேக்க அரசாங்கத்தின்ர கொள்கை இன்னது எண்டு சபையில வந்து சொல்ல ஜனாதிபதிக்கு அதிகாரம் இருக்கு. கவனியுங்கோ, அதிகாரம்தான். கடமை எண்டுகூட எழுதேல்லை. மிச்சமெல்லாம் வழக்கம்."

"இதையெல்லாம் எழுதி வையுங்கோவன்," என்று சொல்லிவிட்டு மனுசன் இறங்கிப் போய்விட்டார். நான் மரக்கறிப் பையோடு படியிலேயே நின்றேன். வழக்கம் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் மாரிமுத்து ஐயாவின் முகம் கண்முன் வந்துவிட்டது. இதை எழுதுவதற்குக் காரணம் அவர்தான், பஞ்சலிங்கம் இல்லை.

நான் நாடாளுமன்றத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருந்தவள். 'மொழிபெயர்ப்பாளர்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மொழிபெயர்ப்பாளருக்கு மேசை உண்டு, அகராதி உண்டு, எழுதியதை அழிக்க அழிறப்பர் உண்டு. எங்களுக்கு உள்ளது சபைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டும் ஒரு மைக்கும்தான். கீழே ஒருவர் சிங்களத்தில் பேசப் பேச, அவர் வசனத்தை முடிக்கும் முன்பே நாங்கள் தமிழில் பாதி தூரம் வந்திருக்க வேண்டும். வாயை விட்டுப் போன சொல் போனதுதான்.

பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கிளார்க். சிங்களம் தெருவில் வந்தது, ஆங்கிலம் கன்னியாஸ்திரிகளின் பிரம்பில் வந்தது, தமிழ் வீட்டில் இருந்தது. பரீட்சை எழுதினேன், எடுத்துவிட்டார்கள். முதல் சில வருடங்கள் வானொலிச் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டே தமிழில் முணுமுணுத்துப் பழகியதில் கழிந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்து எழும்பிப் போனதும் உண்டு. அதனால் சீட் தாராளமாகக் கிடைத்தது.

எங்களுக்குத் தலைமை உரைபெயர்ப்பாளர் சிவபாதம் சேர். மெலிந்த மனுசன், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நன்றாகச் செய்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. திருப்தி என்றால் தன்னிடமுள்ள இருமல் மிட்டாய்ப் பெட்டியை மேசையில் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். பிழை விட்டால் காதிலிருப்பதைக் கழற்றி வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாதவர். ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

அவர் முதல்நாளே சொன்ன விதி ஒன்று உண்டு. கீழே பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அமைச்சர் சொல்கிறார்' என்று சொல்லவே கூடாது. மைக் திறந்திருக்கும் வரைக்கும் அந்த 'நான்' நீ இல்லை, பிள்ளை, அதை மறந்திடாதை என்பார். நான் மறக்கவில்லை. ஊர்தான் மறந்தது. சபை நடக்கும் நாட்களில் எங்கள் குரல் வானொலியிலும் போகும். பேக்கரிப் பாண் விலையை நான் கூட்டுகிறேன் என்று ஒரு அமைச்சர் சொன்ன மறுநாள் காலை, கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரர் மார்க்கஸ் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்க மிஸ். நேத்துப் பாணுக்கு விலை கூட்டினீங்க. இண்டைக்கு நான் பாரை மீனுக்குக் கூட்டிறன்."

சந்தையே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையாடி?" என்று வீடு வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தா.

புதிய கூட்டத்தொடர் திறக்கும் நாளில் எங்கள் வேலை வேறு மாதிரி. ஜனாதிபதியின் கொள்கை உரை மூன்று மொழியிலும் முன்கூட்டியே அச்சாகிவிடும். தமிழ்ப் பிரதி காலையில் உறையிலிட்டுக் கூண்டுக்கு வரும். கூண்டில் இருவர் இருப்போம். ஒருவர் வாசிப்பார், மற்றவர் தாளைப் புரட்டிக் கொடுத்துக்கொண்டே சிங்களத்தைக் காதில் பின்தொடர்வார். உறுப்பினர்களுக்கு உரை முடிந்த பிறகுதான் பிரதி கிடைக்கும்.

முதல்முறை நான் அந்தக் கூண்டில் இருந்தபோது, கீழே சங்கு ஊதினார்கள், பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சேலையில் நின்று வாழ்த்துப் பாடினார்கள், செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் மைக்கை மூடிவிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்: "சங்கு, வழக்கம். பாட்டு, வழக்கம். எல்லாரும் எழும்பி நிக்கிறது, வழக்கம். இனி அவர் கதிரையில இருந்து வாயைத் திறப்பார். அதுதான் அரசியலமைப்பு." சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, இருமுவது போலப் பாவனை செய்தேன்.

அந்த வழக்கங்களில் ஒன்றை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜனாதிபதி வாசித்து முடிக்கும்வரை சபையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மற்ற நாட்களில் புத்தகத்தால் எறிந்துகொள்கிற ஆட்கள்கூட அன்றைக்குச் சேர்ச்சில் இருப்பது போல இருப்பார்கள். முடிந்ததும் சபை ஒத்திவைக்கப்படும். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

மாரிமுத்து ஐயா மலைநாட்டிலிருந்து தெரிவாகி வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்து, சங்கத்தில் ஏறி, வயது போன காலத்தில் முதல்தடவையாக நாடாளுமன்றம் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சீப்பு. சபையில் பெரிதாகப் பேசமாட்டார். அவருடைய தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்துக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விழுந்து, அங்கிருந்த குடும்பங்களைக் கோயில் மடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மழை விட்டால் திரும்பிப் போவார்கள், பெய்தால் மடத்துக்கு வருவார்கள். இப்படியே வருடங்கள் போயின. அந்தக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் உறுதிப் பத்திரத்தோடு சொந்தமாக ஒரு துண்டுக் காணி வேண்டும் என்பதற்காகவே அவர் தேர்தல் கேட்டார். அமைச்சுக்கும் காரியாலயங்களுக்கும் நடந்து நடந்து, கடைசியில் கொள்கை உரையில் அதற்கென ஒரு பந்தி சேர்க்கப்பட்டதாக அவருக்குச் சொன்னார்கள்.

திறப்புக்கு முந்திய நாள் உணவறையில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், நாளைக்கு நீங்கதானே தமிழ்ல சொல்றீங்க?"

"ஓம் ஐயா, கதிரையில இருங்கோ."

இருக்கவில்லை. "எங்க காணி விசயம் வருதுங்க. தோட்டத்துல ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன், எல்லாரும் ரேடியோ கேக்குறாங்க. அந்த எடம் வந்தா கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்களேன். வயசாளிங்க இருக்காங்க."

"அவர் போற வேகத்திலதான் ஐயா நான் போகலாம்," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். போகும்போது என் தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

மறுநாள் காலை உறையைப் பிரித்ததும் முதலில் அந்தப் பந்தியைத்தான் தேடினேன். இருந்தது. ஒரு பக்கத்தின் உச்சியில், நல்ல தமிழில், 'நான்' என்று தொடங்கி இருந்தது. மண்சரிவு அபாயத்திலிருக்கும் லயங்களின் குடும்பங்களுக்கு உறுதியுடன் கூடிய காணி வழங்க நான் நடவடிக்கை எடுப்பேன் என்று. எனக்கே சந்தோஷமாக இருந்தது. பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம் என்று மனதுக்குள் ஒழுங்கு பண்ணினேன்.

உரை தொடங்கியது. நான் வாசித்தேன், சேர் தாள் புரட்டினார். கல்வி பற்றிய பந்தி போயிற்று, வைத்தியசாலைகள் பற்றியதும் போயிற்று. மாரிமுத்து ஐயா எனக்கு நேர் கீழே பின்வரிசையில், உரைபெயர்ப்பு கேட்கும் காதுக்கருவியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி இருந்தார். பக்கம் முடிந்தது. ஜனாதிபதி தாளைப் புரட்டினார். சேரும் புரட்டினார். என் கண் அந்தப் பந்தியின் முதல் சொல்லில் இருந்தது. காதில் வந்ததோ மீன்பிடித் துறைமுகம்.

இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டிப் புரண்டனவா, யாராவது கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்களா, அவராகவே தவிர்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காதில் வராததை வாயால் சொல்லக்கூடாது. என் விரல் அந்தப் பந்தியிலேயே இருக்க, வாய் மீன்பிடித் துறைமுகத்தைச் சொல்லிக்கொண்டு போனது. சேர் அடுத்த பக்கத்தை எடுத்து வைத்தார்.

கீழே பார்த்தேன். மாரிமுத்து ஐயா காதுக்கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். கருவியின் சக்கரத்தைத் திருகினார். திரும்பவும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து எங்கள் கூண்டைப் பார்த்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். முழுதாக இல்லை, பாதி. அந்தப் பெரிய சபையில் ஒரு இருமல்கூட இல்லை. பக்கத்திலிருந்த உறுப்பினர் அவருடைய சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஐயா திரும்பவும் கதிரையில் இருந்தார். நான் துறைமுகத்தை முடித்து நெடுஞ்சாலைக்குப் போனேன். என் குரல் நடுங்கவில்லை. நடுங்காமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

சபை ஒத்திவைக்கப்பட்டு, நாங்கள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூண்டு வாசலில் ஆள் நின்றது. உறுப்பினர்கள் அங்கே வருவதில்லை. ஐயா வந்திருந்தார், கையில் அப்போதுதான் கொடுத்த அச்சுப் பிரதி.

"மேடம், வுட்டுட்டீங்களா?"

"இல்லை ஐயா. அவர் சொல்லேல்லை."

"பொஸ்தகத்துல இருக்குதுங்களே." விரித்துக் காட்டினார். நான் கோடு போட்ட அதே பந்தி.

சேர்தான் பதில் சொன்னார். "அச்சில இருக்கிறது வேற, ஐயா. சபையில சொன்னதுதான் கொள்கைக் கூற்று. சபைப் பதிவிலயும் சொன்னதுதான் வரும்."

ஐயாவுடைய சட்டைப் பையில் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார், எடுக்கவில்லை.

"தோட்டத்துல இருந்து. எல்லாரும் ஒன்னா இருக்காங்க. மேடம், ஒங்க சத்தம் அவங்களுக்குத் தெரியும். இதுல ஒரே ஒரு தடவ அந்தப் பந்திய வாசிச்சுருங்களேன். அது போதும் எனக்கு."

போனை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, அதில 'நான்' எண்டு இருக்கு. அந்த 'நான்' நானில்லை. அவர் சொல்லாததை நான் சொன்னா, அந்தச் சனத்துக்கு நான் பொய் சொன்ன மாதிரி. ஏலாது ஐயா, குறை நினைக்காதேங்கோ."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார். "இல்லப்பா. வாசிக்கல... இல்ல இல்ல, ரேடியோ அம்மா மேல தப்பில்ல, அவங்கள ஏசாதீங்க. பெரியவரு வாசிக்கல. நான் வந்து சொல்றேன்." அவ்வளவுதான் பேசினார்.

பிறகு சேரைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, படிச்சவரு, சொல்லுங்க. அன்னேரம் எந்திரிச்சு, ஒரு பக்கம் வுட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பாங்க? சட்டப்படி பெரிய குத்தங்களா?"

நான் சேரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கோ என்று கண்ணால் கெஞ்சினேன். அந்த மனுசனுக்குச் சமாளிக்கத் தெரியாதே.

"அரசியலமைப்பில அப்பிடி ஒரு தடையும் இல்லை ஐயா. குறுக்கிடாமல் இருக்கிறது மரியாதைக்கு வந்த வழக்கம். தயவு செய்து இருங்கோ எண்டு சொல்லியிருப்பினம்."

"பதிவுலயாச்சும் ஏறியிருக்குமா, மாரிமுத்து கேட்டான்னு?"

"ஏறியிருக்கும்."

"அப்ப வழக்கந்தானா," என்றார் ஐயா. யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொன்னார். "நான் சட்டமுன்னுல்ல நெனச்சு ஒக்காந்துட்டேன்."

அன்றைக்கு அலுவலக வேனில் வீடு திரும்பும்போது சேர் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தெமட்டகொடைப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, நான் பொய் சொல்லியிருக்கலாம்," என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வசனத்தை நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். இப்போது சேர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் ஒரு சொல் கூடிவிட்டது என்று அதையும் வெட்டச் சொல்லியிருப்பார்.

பிறகு நடந்த விவாதத்தில் ஐயா எழும்பிக் கேட்டார்தான். கூற்றில் இல்லாத விடயத்துக்கு இப்போது பதில் சொல்ல முடியாது, கவனத்தில் எடுக்கிறோம் என்றார்கள். அதையும் தமிழில் சொன்னது என் குரல்தான். அடுத்த கூட்டத்தொடரின் உரையில் அந்தப் பந்தி அச்சிலும் இல்லை. அடுத்த தேர்தலுக்குப் பிறகு சபையில் ஐயாவும் இல்லை. உறுப்பினராக இருந்த கடைசி நாள்வரைக்கும் மண்டபத்தில் நேருக்கு நேர் கண்டால் "சொகமா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்த மரியாதை எனக்கு ஏச்சை விடக் கஷ்டமாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விடுவேன். படியில் பஞ்சலிங்கம் மறித்ததற்கு அடுத்த செவ்வாயும் போனேன். நல்ல சனம். அந்தோனியாரின் சுரூபத்தைத் தொடுவதற்கான வரிசையில் ஒருவன் நடுவில் புகுந்தான். எனக்குச் சும்மா இருக்க வருமா? "தம்பி, நாங்கள் என்ன வேடிக்கை பாக்கவா நிக்கிறம்? பின்னுக்குப் போங்கோ," என்றேன், பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னேன். அவன் போய்விட்டான். எனக்கு முன்னால் நின்ற பெண்தான் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் மெழுகுதிரி.

"அம்மா, நீங்க முந்தி ரேடியோவுல பேசுறவங்கதானே? பார்லிமெண்டுல?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"ஒங்க சத்தம் மறக்காதுங்கம்மா. நான் மாரிமுத்தோட மக, ராணி."

கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாளாம். அப்பா எப்படி என்று கேட்டேன். போன மாரிமழைக் காலத்தில் காலமாகிவிட்டார் என்றாள். எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. ஏன் அறிவிக்கப் போகிறார்கள்? லயத்துச் சனம் இன்னும் மழைக்கு மடத்துக்கும் வெயிலுக்கு லயத்துக்கும்தான் அலைகிறதாம். அவர் செத்ததும் அந்த மடத்தில்தான்.

"கடைசியில ஆளுங்களக்கூட அடையாளம் தெரியலங்கம்மா. ஆனா அது ஒன்ன மட்டும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. எந்திரிச்சேன், ஒக்காந்துட்டேன். எந்திரிச்சேன், ஒக்காந்துட்டேன்னு." மெழுகுதிரியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "நீங்க அங்கேயே இருந்தவங்க. சொல்லுங்கம்மா. எங்கப்பா அன்னிக்கு எந்திரிச்சு நின்னு சொல்லியிருந்தா, எங்களுக்குக் காணி கெடச்சிருக்குமா?"

வேலை செய்த காலமெல்லாம் யாரோ ஒருவருடைய 'நானை'ச் சொல்லிக்கொண்டு இருந்தவள் நான். இப்போது என்னையே கேட்கிறாள். கிடைத்திருக்கும் என்றால் பழி முழுக்கச் செத்த மனுசனின் தலையில் விழும். சேர் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஆறுதல் பொய்யை நான் சொல்ல நினைத்தேன். சொல்ல வந்தபோது அது பொய்யாகவும் இருக்கவில்லை.

"இல்லை ராணி. எழும்பி நிண்டு கத்தியிருந்தாலும் கிடைச்சிராது. அப்பாவில ஒரு பிழையும் இல்லை. வீணா மனதைப் போட்டு உழப்பிப் போட்டார்."

அவளுடைய முகம் கொஞ்சம் இளகியது. எனக்கும் மூச்சு வந்தது. பிறகு கேட்டாள்:

"அப்ப, அந்தப் பெரியவரு வாசிச்சிருந்தா?"

வாசிக்கப்பட்ட எத்தனை பந்திகள் என் வாயாலேயே போயிருக்கின்றன. பாலங்கள், பாடசாலைகள், நியமனங்கள். அவற்றில் எத்தனை நடந்தன என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதை மறைக்க எனக்கு வாய் வரவில்லை.

"வாசிச்சிருந்தாலும் பிள்ளை... உரையில சொன்னதைச் செய்தே ஆக வேணும் எண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை."

வரிசை நகர்ந்தது. ராணி நகரவில்லை.

"அப்ப எதுக்கும்மா நாங்க அன்னிக்கு அப்படி ஒக்காந்து கேட்டோம்? ஒத்த ஆளு வேலைக்குப் போகல. ஒரு பேச்சுச் சத்தமில்ல. கைப்புள்ளைங்க அழுதா வாயப் பொத்துனோமே, ஒங்க சத்தம் கேக்கணும்னு."

நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். ராணி என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள்.